'சின்ன வயசுல அம்மை வந்துச்சு' என்றால் போதாதா? டாக்டர், நர்ஸ்களிடம் தட்டம்மைச் சான்று கேட்பது ஏன்?

2008ஆம் ஆண்டு பிப்ரவரி 12. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் டூசான் நகரம். சுவிட்சர்லாந்தில் இருந்து வந்திருந்த பயணி ஒருவர், உடம்பு சரியில்லாமல் அங்குள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவருக்கு இருந்தது தட்டம்மை.

அவரையும் சேர்த்து மொத்தம் 14 பேருக்கு அந்த நோய் உறுதியானது. இதில் 7 பேருக்கு நோய் ஒட்டிக்கொண்ட இடம் வீடோ பள்ளிக்கூடமோ இல்லை. நோயைக் குணப்படுத்திக்கொள்ளப் போகிற இடம், அதாவது ஆஸ்பத்திரியும் கிளினிக்கும்தான்.

வெறும் 7 பேர்தானே என்று தோன்றும். ஆனால் இதைச் சமாளிக்க இரண்டு ஆஸ்பத்திரிகள் செலவழித்த தொகை 7,99,136 டாலர். அன்றைய மதிப்பில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல். இத்தனைக்கும் தட்டம்மை வைரஸைக் கொல்லத் தனி மருந்து என்று எதுவும் கிடையாது. பிறகு எதற்கு இவ்வளவு செலவு?

7,195 ஃபைல்கள்

அந்த இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் வேலை பார்த்தவர்கள் 7,195 பேர். தட்டம்மை நோயாளி உள்ளே வந்துவிட்டார் என்று தெரிந்ததும் நிர்வாகத்தின் முன்னால் நின்ற கேள்வி இதுதான்: இவர்களில் யாருக்கு எதிர்ப்பு சக்தி இருக்கு, யாருக்கு இல்லை?

பதில் சொல்ல கம்ப்யூட்டரில் பதிவு இல்லை. காகித ஃபைல்களைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. புரட்டிப் பார்த்ததில் 1,776 பேருக்கு, அதாவது நாலில் ஒருத்தருக்கு, எந்த ஆதாரமும் இல்லை. அவர்களில் 1,583 பேருக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. 139 பேருக்கு எதிர்ப்பு சக்தி இல்லை என்று முடிவு வந்தது. அந்த 139 பேரில் ஒருவருக்குத் தட்டம்மையே வந்துவிட்டது.

இதே கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். பரிசோதனை செய்த 1,583 பேரில் 1,444 பேருக்கு நெகட்டிவ் வரவில்லை. அதாவது பெரும்பாலானவர்களின் உடம்பில் எதிர்ப்பு சக்தி இருந்தது, ஃபைலில் காகிதம்தான் இல்லை. அந்தக் காகிதம் முன்பே இருந்திருந்தால், நெருக்கடி நேரத்தில் கவலைப்பட வேண்டியது சில நூறு பேரைப் பற்றி மட்டும்தான். காகிதம் இல்லாததால் ஆயிரக்கணக்கானவர்களைச் சந்தேகப் பட்டியலில் வைக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு தகவலும் இந்த ஆய்வில் இருக்கிறது. நோய் வந்த 14 பேரில் 11 பேர், மற்றவர்களுக்குப் பரப்பக்கூடிய நாட்களிலேயே ஏதாவது ஒரு சிகிச்சை மையத்துக்குப் போயிருக்கிறார்கள். தடிப்பு வந்த உடனேயே மாஸ்க் போட்டுத் தனியாக உட்கார வைக்கப்பட்டவர் இந்த 11 பேரில் ஒரே ஒருவர்.

அவ்வளவு வேகமாகவா பரவும்?

கொரோனா காலத்தில் 'ஒருவரிடம் இருந்து எத்தனை பேருக்கு' என்ற கணக்கு எல்லோருக்கும் பழகிவிட்டது. தட்டம்மையில் அந்த எண் 12 முதல் 18 வரை. யாருக்குமே எதிர்ப்பு சக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளி சராசரியாக அத்தனை பேருக்குக் கொடுப்பார் என்று அர்த்தம். எதிர்ப்பு சக்தி இல்லாதவர்கள் நோயாளியோடு நெருங்கி இருந்தால், பத்தில் ஒன்பது பேருக்கு வந்துவிடும்.

தொட வேண்டியதில்லை, முகத்துக்கு நேராக இருமவும் வேண்டியதில்லை. நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறையின் காற்றில் வைரஸ் இரண்டு மணி நேரம் வரை இருக்கும். காலை 10 மணிக்கு ஓ.பி.யில் உட்கார்ந்துவிட்டுப் போன குழந்தையிடம் இருந்து, 11.30 மணிக்கு அதே பெஞ்சில் வந்து உட்காருபவருக்கு ஒட்டலாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

நேரக் கணக்கு இதைவிட மோசம். உடம்பில் சிவந்த தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே நோயாளி பரப்ப ஆரம்பித்துவிடுகிறார். தடிப்பு வந்த பிறகும் 4 நாள் பரப்புவார். அந்த முதல் நாட்களில் இருப்பது காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு. சாதாரண சளிக்காய்ச்சலோடு அதைச் சுலபமாகக் குழப்பிக்கொள்ளலாம். நர்ஸுக்கே வந்தாலும் அப்படித்தான் தெரியும். 'லேசா ஜுரம், ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு டியூட்டிக்குப் போயிடலாம்' என்று கிளம்பும் அந்த நாட்களில்தான் வார்டு முழுக்கப் பரவுகிறது.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தட்டம்மை ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு படித்துவிட்டு வந்த பல டாக்டர்கள் இந்த நோயைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர்கள். கண் முன்னால் வந்து நின்றாலும் சட்டென்று அடையாளம் தெரியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வார்டில் யார் இருக்கிறார்கள்?

ஒரு ஐ.டி. கம்பெனியில் ஒருவருக்குத் தட்டம்மை வருவதும், குழந்தைகள் வார்டு நர்ஸுக்கு வருவதும் ஒன்றல்ல. நர்ஸைச் சுற்றி இருப்பவர்களில் பலருக்குத் தங்களைக் காத்துக்கொள்ள வழியே கிடையாது.

இந்தியாவில் முதல் தட்டம்மைத் தடுப்பூசி போடப்படுவது 9 மாதம் முடிந்த பிறகுதான். அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகளுக்கு, அம்மாவிடம் இருந்து வந்த எதிர்ப்பு சக்தி மட்டுமே துணை. அதுவும் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். கீமோதெரபி எடுக்கும் நோயாளிக்கும் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும் இந்தத் தடுப்பூசி போடக் கூடாது, ஏனென்றால் இது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸில் தயாராவது. கர்ப்பிணிகளுக்கும் போட மாட்டார்கள். கர்ப்ப காலத்தில் தட்டம்மை வந்தால் கருச்சிதைவு, குறைப்பிரசவம் வரை போகலாம்.

இவர்கள் எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் போய் வருவது அந்த ஊழியர்.

'குழந்தைங்களுக்கு வர்றதுதானே, ரெண்டு நாள்ல போயிடும்' என்று இதை இப்போதும் லேசாக நினைப்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கத் தட்டம்மையால் இறந்தவர்கள் சுமார் 1,07,500 பேர். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 2022 இறுதியில் மும்பையின் கோவண்டி பகுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்ததை டிவி செய்திகளில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பிழைத்தவர்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. மற்ற கிருமிகளுக்கு எதிராக உடம்பு சேர்த்து வைத்திருக்கும் ஆன்டிபாடிகளில் ஒரு பகுதியைத் தட்டம்மை அழித்துவிடுகிறது என்பது 2019இல் வெளியான ஆய்வுகளில் தெரிய வந்தது. பழைய பாடத்தை உடம்பு மறந்துவிடுகிறது.

சான்று என்றால் எது?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., மருத்துவமனை ஊழியர்களுக்கு நான்கு வகை ஆதாரங்களை ஏற்றுக்கொள்கிறது. குறைந்தது 28 நாள் இடைவெளியில் இரண்டு டோஸ் போட்டதற்கான எழுத்துப்பூர்வப் பதிவு ஒன்று. ரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பதாக லேப் ரிப்போர்ட் இரண்டாவது. ஏற்கெனவே தட்டம்மை வந்ததை லேப் உறுதி செய்த ரிப்போர்ட் மூன்றாவது. நான்காவது, 1957ஆம் ஆண்டுக்கு முன் பிறந்திருப்பது.

பிரிட்டனிலும் ஏறக்குறைய இதே நிலைதான். இரண்டு டோஸ் எம்.எம்.ஆர். பதிவு, இல்லையென்றால் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஆன்டிபாடி ரிப்போர்ட். இங்கிருந்து அங்கே நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் திடீரென்று பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி அம்மாவுக்கு போன் போடுவது இதனால்தான்.

இந்தப் பட்டியலில் 'எனக்குச் சின்ன வயசுல வந்துச்சு' என்பதற்கு இடமே இல்லை. டாக்டரே சொன்னாலும், லேப் ரிப்போர்ட் இல்லாவிட்டால் அது கணக்கில் வராது.

நம்மூரில் இதன் காரணம் இன்னும் எளிதாகப் புரியும். தமிழில் 'அம்மை' என்ற ஒரே சொல்லுக்குள் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி என்கிற புட்டாளம்மை எல்லாமே அடக்கம். தட்டம்மைக்கே மணல்வாரி என்று இன்னொரு பெயரும் உண்டு. வாசலில் வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணி ஊத்தினது வரை வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் வந்தது கொப்பளமா, தடிப்பா என்று 25 வருஷம் கழித்துக் கேட்டால் பாட்டி ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வார். சின்னம்மை வந்தவருக்குத் தட்டம்மையில் இருந்து எந்தப் பாதுகாப்பும் கிடையாது. இரண்டும் வேறு வேறு வைரஸ்.

அது என்ன 1957?

அமெரிக்காவில் தட்டம்மைத் தடுப்பூசி வந்தது 1963இல். அதற்கு முந்தைய காலத்தில் பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே 15 வயதுக்குள் நோய் வந்து போயிருக்கும் என்பதால் போட்ட கோடு அது. ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க எதிர்ப்பு சக்தி இருக்கும் என்பது இதன் அடிப்படை.

வாழ்நாள் முழுக்க என்று எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறார்கள்? அதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபரோ தீவுகளில் 1781இல் தட்டம்மை பரவியது. பிறகு 65 வருஷம் அந்தப் பக்கமே வரவில்லை. 1846இல் மறுபடி வந்தபோது சுமார் 7,800 பேர் இருந்த தீவுகளில் ஏறத்தாழ 6,000 பேர் படுத்துவிட்டார்கள். விசாரிக்க டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் பானும் என்ற இளம் டாக்டர் ஒன்றைக் கவனித்தார். 1781இல் நோய் வந்து பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டாவது முறை வரவில்லை. 65 வருஷம் வைரஸையே பார்க்காமல் இருந்தும் உடம்பு அதை மறக்கவில்லை.

ஆனாலும் 1957 என்பது ஒரு தோராயக் கோடுதான். அதற்கு முன் பிறந்த ஊழியர்களுக்கும், லேப் ஆதாரம் இல்லாவிட்டால், நோய் பரவும் நேரத்தில் இரண்டு டோஸ் போடச் சொல்கிறது சி.டி.சி.

ரெண்டு டோஸ் போட்டவருக்கு வராதா?

வரலாம், ஆனால் அபூர்வம். 12 மாதத்துக்குப் பிறகு ஒரு டோஸ் எம்.எம்.ஆர். போட்டால் 93%, இரண்டு டோஸ் போட்டால் 97% பாதுகாப்பு கிடைக்கிறது. மீதி 3% பூஜ்யம் இல்லை. 2011இல் நியூயார்க்கில், இரண்டு டோஸ் போட்டதற்கான பதிவு இருந்த ஒருவருக்கே தட்டம்மை வந்து, அவரிடம் இருந்து இன்னும் 4 பேருக்குப் பரவியது. மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்த சம்பவம் அது. அவ்வளவு அரிது என்பதால்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

இதனால்தான் எதிர்ப்பு சக்தி உள்ள ஊழியரும் தட்டம்மை நோயாளியின் அறைக்குள் போகும்போது என்95 மாஸ்க் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. 'எனக்குத்தான் ரெண்டு டோஸ் ஆச்சே' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். இரண்டு டோஸ் பதிவு பக்காவாக இருக்கிறது, ஆனால் எதற்கோ ரத்தப் பரிசோதனை செய்ததில் தட்டம்மை ஐஜிஜி நெகட்டிவ் என்று வருகிறது. எதை நம்புவது? பதிவைத்தான். வழக்கமான லேப் கிட்டுகள், தடுப்பூசியால் உருவாகும் குறைந்த அளவு ஆன்டிபாடியைச் சில சமயம் தவறவிட்டுவிடும். அதனால் இரண்டு டோஸ் பதிவு உள்ளவருக்குப் பரிசோதனையே தேவையில்லை என்பதுதான் சி.டி.சி.யின் நிலை.

72 மணி நேரம், 21 நாள்

எதிர்ப்பு சக்தி இல்லாத ஊழியர் ஒருவர் தெரியாமல் தட்டம்மை நோயாளியின் அருகில் இருந்துவிட்டார். இப்போது என்ன?

72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோய் வராமல் தடுக்க வாய்ப்பு இருக்கிறது. தடுப்பூசி போட முடியாதவர்களுக்கு 6 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் கொடுக்கலாம். ஆனால் ஊசி போட்டாச்சு என்று மறுநாள் டியூட்டிக்கு வர முடியாது. முதல் முறை நோயாளியிடம் இருந்த நாளில் இருந்து 5ஆவது நாள் தொடங்கி, கடைசியாக இருந்த நாளில் இருந்து 21ஆவது நாள் வரை வேலைக்கு வரக் கூடாது. நோய் உள்ளே வளர்ந்து வெளியே தெரிய அவ்வளவு நாள் ஆகலாம்.

ஒரு ஐ.சி.யூ.வில் நாலைந்து நர்ஸ்களை இரண்டு வாரத்துக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை ஷிப்ட் போடும் ஹெட் நர்ஸிடம் கேட்டால் தெரியும். மீதி இருப்பவர்கள் டபுள் டியூட்டி பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவருக்குச் சம்பளம் உண்டா, அது லீவில் கழியுமா என்பது அடுத்த பஞ்சாயத்து.

ஒரு டோஸாவது போட்டதற்குப் பதிவு இருந்தால் கதை மாறுகிறது. சி.டி.சி. விதிப்படி அவர் வேலையில் தொடரலாம், இரண்டாவது டோஸை உடனே போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு வரிப் பதிவு, இரண்டு வாரத்துக்கு மேலான வேலையைக் காப்பாற்றிவிடும்.

தமிழ்நாட்டு நர்ஸ்களுக்கு எத்தனை டோஸ்?

இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி சேர்ந்தது 1985இல். அப்போது 9 மாதத்தில் ஒரே ஒரு டோஸ். இரண்டாவது டோஸைச் சேர்க்க ஆரம்பித்தது 2010இல். நடுவில் 25 வருஷம்.

அடுத்து 2017 பிப்ரவரி. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை பள்ளிகளிலேயே ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றி, பல பெற்றோர் பயந்துபோய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத முகாம் அது.

இந்த மூன்று வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு இடைவெளி தெரியும். 1980களின் பிற்பகுதியில் இருந்து 2001 வரை பிறந்தவர்கள் 2010க்கு முன்பே வளர்ந்துவிட்டார்கள், 2017 முகாமின் வயது வரம்பையும் தாண்டிவிட்டார்கள். தனியாரில் காசு கொடுத்து எம்.எம்.ஆர். போட்டிருந்தால் ஒழிய, இவர்களுக்கு அரசுத் திட்டத்தில் கிடைத்தது அதிகபட்சம் ஒரு டோஸ். இன்றைக்கு வார்டுகளில் இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸ்கள், பி.ஜி. டாக்டர்கள், லேப் டெக்னீஷியன்களில் பெரும்பகுதி இந்த வயதுதான்.

அந்த ஒரு டோஸும் 9 மாதத்தில் போட்டது. அந்த வயதில் அம்மாவின் ஆன்டிபாடி கொஞ்சம் மிச்சம் இருப்பதால் தடுப்பூசி முழுசாக வேலை செய்யாது. பாதுகாப்பு 85% அளவில்தான் இருக்கும். 100 நர்ஸ்கள் உள்ள ஆஸ்பத்திரியில் 15 பேருக்குப் பாதுகாப்பு இல்லாமல் இருக்கலாம். அந்த 15 பேர் யார் என்பது அவர்களுக்கே தெரியாது.

வேலைக்குச் சேரும்போது ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாச்சா என்று கேட்பது இங்கே பல ஆஸ்பத்திரிகளில் பழகிவிட்டது. ஊசி குத்திவிடும் பயம் எல்லோருக்கும் இருப்பதால் அதற்குத் தனி மரியாதை. காற்றில் வரும் தட்டம்மைக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

டாக்டர், நர்ஸ் மட்டும்தானா?

வைரஸுக்கு யூனிஃபார்ம் வித்தியாசம் தெரியாது. ஓ.பி. சீட்டு எழுதுபவர், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, அறையைத் துடைக்கும் தூய்மைப் பணியாளர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், கேன்டீன் ஊழியர், ஆம்புலன்ஸ் டிரைவர், பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவி எல்லோரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். சி.டி.சி. விதியில் 'மருத்துவமனை ஊழியர்' என்றால் சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்பதுகூடக் கணக்கில்லை, உள்ளே வேலை செய்கிற எல்லோரும் அதில் வருவார்கள்.

நடைமுறையில் முதலில் விடுபடுவது ஒப்பந்த ஊழியர்கள். அவர்கள் ஃபைல் ஆஸ்பத்திரியில் இருக்காது, ஏஜென்சியில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளும் மாறுவார். நோயாளி எழுந்து போன அறைக்குள் முதலில் நுழைவது பெரும்பாலும் அவர்கள்தான் என்பதை யோசித்தால், பட்டியலை அந்தப் பக்கத்தில் இருந்தே தொடங்கலாம்.

அட்டை தொலைந்துவிட்டது, இப்போ என்ன செய்வது?

பதற வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. ஐஜிஜி ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது ஒன்று. பரிசோதனையே இல்லாமல், 28 நாள் இடைவெளியில் இரண்டு டோஸ் எம்.எம்.ஆர். போட்டுக்கொள்வது இன்னொன்று. ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருப்பவருக்கு மறுபடி ஊசி போட்டால் ஆபத்து ஏதும் இல்லை. ஒரு டோஸ் போட்டதற்குப் பதிவு இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று போட்டால் போதும், முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டாம். எத்தனை வருஷ இடைவெளி விழுந்திருந்தாலும் சரி.

கர்ப்பமாக இருப்பவர்கள் இப்போது போடக் கூடாது, பிரசவத்துக்குப் பிறகு போடலாம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் தாராளமாகப் போடலாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் ஊசி போட்ட பிறகு ஒரு மாதமாவது தள்ளிப்போட வேண்டும். நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

போட்ட பிறகு தேதி, தடுப்பூசியின் பெயர், பேட்ச் நம்பர், போட்ட இடத்தின் முத்திரை ஆகியவற்றோடு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அதை போனில் ஒரு படமாகவும், ஆஸ்பத்திரி ஃபைலில் ஒரு நகலாகவும் வைக்கலாம். டூசானில் 1,776 பேரிடம் இல்லாமல் போனது இந்தத் துண்டுச் சீட்டுதான்.